ஜோர்டனை விட்டதைவிட டான்சிச்சை விட்டதுதான் பெரிய தவறு

கேள்வி இதுதான்: என்பிஏ என்ற அமெரிக்கக் கூடைப்பந்து லீகின் டிராஃப்டில் (அணிகள் முறைவைத்துப் புதிய ஆட்டக்காரர்களைத் தேர்ந்தெடுக்கும் நிகழ்வில்) முதல் இரண்டு மூன்று இடங்களில் நடந்த தேர்வுகளிலேயே படுமோசமானது எது, 1984-இல் போர்ட்லாந்து அணி மைக்கேல் ஜோர்டனை விட்டுவிட்டு சாம் போவியை எடுத்ததுதானே? கூடவே, 2018-இல் லூகா டான்சிச்சை எடுத்து அன்றே டல்லாஸுக்குக் கொடுத்துவிட்ட அட்லாண்டாவையும் அதே வரிசையில் வைக்கலாமா என்றும் கேட்டிருக்கிறீர்கள்.

என் பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். படுமோசம் 1984 போர்ட்லாந்து கிடையாது. 2018 சாக்ரமென்டோ. இரண்டாவது இடத்தில் இருந்துகொண்டு, டான்சிச் எதிரிலேயே இருக்க, மார்வின் பேக்லியை எடுத்த அந்த முடிவுக்குப் பக்கத்தில் வைக்க எனக்கு வேறொன்று தெரியவில்லை. ஏன் என்று சொல்வதற்கு முன்னால், இதை எப்படி எடைபோடுவது என்பதைப் பேச வேண்டியிருக்கிறது, ஏனென்றால் இந்தப் பேச்சில் பெரும்பாலானவர்கள் செய்வது ஒரே வேலைதான்: எடுத்தவர் பெயரையும் அவருக்குப் பின்னால் போனவர் பெயரையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிவைத்து, இருவரும் சேர்த்த புள்ளிகளைக் கூட்டிப் பார்த்துத் தீர்ப்புச் சொல்லிவிடுகிறார்கள். அப்படிப் பார்த்தால் 2013-இல் ஜானிஸ் அன்டெடோகூன்போவை விட்ட பதினான்கு தேர்வுகளும் குற்றம், 2014-இல் நிகோலா யோகிச் 41-ஆவது ஆளாகப் போனதால் டென்வர் உட்பட லீகில் எல்லோருமே குற்றவாளிகள். எல்லோரும் சேர்ந்து தவறவிட்டதை ஒரு அணியின் தலையில் கட்டுவது எனக்குச் சரியாகப் படவில்லை.

நான் பார்ப்பது மூன்று விஷயம். அன்றைக்கு அந்த அறையில் உட்கார்ந்திருந்தவர்களுக்கு என்ன தெரிந்திருந்தது, அல்லது தெரிந்திருக்க முடியும்? அதை வைத்து அவர்கள் என்ன காரணம் சொல்லிக்கொண்டார்கள்? அந்த ஆளை வாங்க எவ்வளவு கொடுத்தார்கள்? அதற்குப் பிறகு முழங்கால் உடைந்தது, தோள்பட்டை போனது எல்லாம் துரதிர்ஷ்டம். அதற்காக வருத்தப்படலாம், குற்றம் சொல்ல முடியாது.

சரி, 1984-க்கு வருவோம். அப்போது தேர்வு வரிசையைக் குலுக்கலில் முடிவு செய்யும் லாட்டரி கிடையாது, அது 1985-இல்தான் வந்தது. லீகின் கிழக்குப் பிரிவிலும் மேற்குப் பிரிவிலும் கடைசியில் முடித்த இரண்டு அணிகளுக்கும் இடையே நாணயம் சுண்டி முதல் இடத்தை முடிவு செய்வார்கள். மேற்கில் கடைசி ஹூஸ்டன். கிழக்கில் கடைசி இந்தியானா, ஆனால் இந்தியானாவின் தேர்வு போர்ட்லாந்து கையில் இருந்தது, 1981-இல் டாம் ஓவன்ஸ் என்ற சென்டரை (கூடைக்கு அருகே ஆடும் உயரமான ஆட்டக்காரரை) கொடுத்து வாங்கி வைத்திருந்தார்கள். ஆக, 48 ஆட்டம் ஜெயித்த ஒரு நல்ல அணிக்கு இரண்டாவது இடம். நாணயம் ஹூஸ்டன் பக்கம் விழுந்தது, அவர்கள் ஹக்கீம் ஒலாஜுவானை எடுத்தார்கள். போர்ட்லாந்து ஜெயித்திருந்தாலும் ஒலாஜுவானைத்தான் எடுத்திருக்கும். அவரை எடுத்ததற்கு யாரும் குறை சொல்லவில்லை, சொல்லவும் முடியாது, இரண்டு கோப்பை வாங்கித் தந்தவர்.

போர்ட்லாந்துக்கு அப்போது சென்டர் தேவை, அது உண்மையான தேவைதான். டிராஃப்டுக்குச் சில நாட்கள் முன்பு கிக்கி வாண்டிவேயை வாங்குவதற்காக டென்வருக்கு அனுப்பியவர்களில் வேய்ன் கூப்பர் என்ற சென்டரும் ஒருவர். அப்புறம் அது கரீம் அப்துல்-ஜப்பாரும் மோசஸ் மலோனும் கோப்பை வாங்கிக்கொண்டிருந்த காலம், போர்ட்லாந்து வாங்கியிருந்த ஒரே கோப்பையும் 1977-இல் பில் வால்டன் என்ற சென்டரால் வந்தது. ஜோர்டன் ஆடும் ஷூட்டிங் கார்டு இடத்திலோ (வெளியிலிருந்து பந்து போடுபவரின் இடம்) ஜிம் பாக்ஸன் இரண்டு வருடம் தொடர்ந்து ஆல்-ஸ்டார் (நட்சத்திர ஆட்டத்துக்குத் தேர்வானவர்), அவருக்குப் பின்னால் முந்தைய வருடம்தான் 14-ஆவது இடத்தில் எடுத்த கிளைட் டிரெக்ஸ்லர். இதெல்லாம் சேர்ந்து ஜோர்டன் வேண்டாம் என்றாகிவிட்டது. இன்னொன்றையும் சொல்ல வேண்டும்: மூன்றாவது இடத்தில் ஜோர்டனை எடுத்த சிகாகோவின் ஜெனரல் மேனேஜர் ராட் தார்ன்கூட, இந்தப் பையன் ஏழடி இருந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும் என்றுதான் அன்று பேசினார். எடுத்தவருக்கே அவ்வளவுதான் நிச்சயம்.

அதனால் "ஜோர்டன் ஜோர்டன் ஆவார் என்று போர்ட்லாந்து கண்டுபிடித்திருக்க வேண்டும்" என்ற வாதத்தை நான் ஏற்க மாட்டேன். ஆனால் போவியின் கால் பற்றி அவர்களுக்குத் தெரிந்திருந்தது. கென்டக்கி பல்கலையில் இடது முழங்காலுக்குக் கீழே, கணைக்கால் எலும்பில் ஏற்பட்ட விரிசல் ஆறாமல் இரண்டு முழு சீசன் ஆடாமல் இருந்தவர். ஒரே ஒரு சீசன் திரும்பி வந்து ஆடியிருந்தார். போர்ட்லாந்து மருத்துவர்கள் விரிவாகப் பரிசோதித்துப் பார்த்துவிட்டுத்தான் சரி என்றார்கள். பல வருடம் கழித்து, 2012-இல் வந்த ஒரு ஆவணப்படத்தில் போவியே சொன்னார்: அந்தப் பரிசோதனையில் சிறு சுத்தியலால் காலைத் தட்டியபோது வலிக்கவில்லை என்று சொன்னேன், உள்ளுக்குள் வலித்தது. இதைக் கேட்டு அவர்மேல் கோபப்பட எனக்கு மனம் வரவில்லை. 23 வயது, குடும்பத்தைப் பார்க்க வேண்டும், எதிரில் வாழ்நாள் வாய்ப்பு, வேறென்ன சொல்வார்? ஆனால் அந்த ஒரு பதில், போர்ட்லாந்தின் குற்றத்தைக் கொஞ்சம் குறைக்கிறது.

முதல் சீசனில் போவி 76 ஆட்டம் ஆடினார், சராசரி 10 புள்ளி, 8.6 ரீபவுண்ட் (கூடையில் விழாமல் திரும்பும் பந்தைப் பிடிப்பது). மோசமே இல்லை. அதற்கடுத்த நான்கு சீசன்களில் 38, 5, பூஜ்யம், 20. ஆக ஐந்து வருடத்தில் 139 ஆட்டம். 1989-இல் அவரையும் ஒரு முதல் சுற்றுத் தேர்வையும் நியூ ஜெர்சிக்குக் கொடுத்து பக் வில்லியம்ஸை வாங்கினார்கள், அந்த வில்லியம்ஸை வைத்துக்கொண்டு 1990-இலும் 1992-இலும் இறுதிச் சுற்றுக்குப் போனார்கள். 1992-இல் எதிரில் நின்றது ஜோர்டன்.

போர்ட்லாந்தின் உண்மையான தவறு காலில் இல்லை, "அந்த இடத்துக்கு நம்மிடம் ஏற்கெனவே ஒருவர் இருக்கிறார்" என்ற வாக்கியத்தில் இருக்கிறது. பாக்ஸனுக்கு அப்போது வயது 27-ஐ நெருங்கிக்கொண்டிருந்தது, டிரெக்ஸ்லர் முதல் சீசனில் சராசரி எட்டுப் புள்ளிகூட எடுக்காதவர். இரண்டாவது பிக் (தேர்வு) என்பது ஒரு அணிக்குப் பத்துப் பதினைந்து வருடத்துக்கான சொத்து. அதை அடுத்த சீசன் பெஞ்சில் எந்த நாற்காலி காலி என்று பார்த்துச் செலவழிக்கக் கூடாது. சமையலறையில் எது தீர்ந்துபோயிற்று என்று பார்த்துக் காய்கறி வாங்கலாம், நிலம் வாங்க முடியாது.

அதே நாளில், அதே அறையில், இதற்கு நேர் எதிரான முடிவையும் ஒரு அணி எடுத்தது. அதை யாரும் பேசுவதே இல்லை என்பது எனக்கு ஆதங்கம். ஹூஸ்டனிடம் முந்தைய வருடம் முதல் இடத்தில் எடுத்த ரால்ஃப் சாம்ப்ஸன் இருந்தார். ஏழடி நான்கு அங்குலம், சிறந்த ரூக்கி (முதல் சீசன் ஆட்டக்காரர்) விருதும் வாங்கியாகிவிட்டது. சென்டர் இடம் காலி இல்லை. இருந்தும் இன்னொரு சென்டரையே எடுத்தார்கள். 1986-இல் இருவரும் சேர்ந்து அணியை இறுதிச் சுற்றுக்குக் கொண்டுபோனார்கள், பிறகு சாம்ப்ஸனின் முழங்கால் போய்விட்டது, ஒலாஜுவான் 1994, 1995 என்று இரண்டு கோப்பை. சான் அன்டோனியோ 1997-இல் டேவிட் ராபின்ஸன் இருக்கும்போதே டிம் டங்கனை எடுத்தது, 1999-இல் கோப்பை. கோல்டன் ஸ்டேட் 2009-இல் மான்டா எல்லிஸ் இருக்கும்போதே, அவரைப் போலவே உயரம் குறைந்த ஸ்டெஃபன் கரியை ஏழாவது இடத்தில் எடுத்தது, மூன்று வருடம் கழித்து எல்லிஸை அனுப்பிவிட்டது. இடிக்கும் என்று பயந்து விடாமல் திறமையைக் கையில் எடுத்துக்கொண்டார்கள், இடிப்பதைப் பிறகு சரிசெய்துகொண்டார்கள். இரண்டு நல்ல ஆட்டக்காரர்கள் ஒரே இடத்துக்கு இருந்தால் ஒருவரை வேறு அணிக்கு டிரேட் செய்யலாம், ஒருவருமே இல்லையென்றால் எதைச் செய்வது?

போர்ட்லாந்து பேச்சு எடுத்தால் அடுத்த மூச்சிலேயே கிரெக் ஓடன் பெயரும் வரும். 2007-இல் ஓடன் முதல், கெவின் டுரன்ட் இரண்டாவது. தயவுசெய்து இதைத் தவறு என்று சொல்லாதீர்கள். ஓடன், ஒஹாயோ ஸ்டேட் பல்கலைக்கு மணிக்கட்டு சரியாகாமலே, ஃப்ரீ த்ரோவை இடது கையால் போட்டுக்கொண்டு ஆடத் தொடங்கியவர், கல்லூரி இறுதி ஆட்டத்தில் ஃப்ளோரிடாவின் பலமான முன்வரிசைக்கு எதிரே 25 புள்ளி, 12 ரீபவுண்ட் எடுத்தவர். டுரன்ட் அந்த வருடத்தின் சிறந்த கல்லூரி ஆட்டக்காரர், அதில் சந்தேகமில்லை. ஆனாலும் முதல் இடம் யார் கையில் இருந்திருந்தாலும் பெரும்பாலும் ஓடனைத்தான் எடுத்திருப்பார்கள். ஆட்டம் தொடங்கும் முன்பே, அந்த செப்டம்பரிலேயே வலது முழங்காலில் அறுவை சிகிச்சை, பிறகு இடது முழங்கால் சில்லு உடைந்தது, பிறகு மறுபடி மறுபடி கத்தி. போர்ட்லாந்துக்கு ஆடியது மொத்தம் 82 ஆட்டம், சரியாக ஒரு சீசன் அளவு. ஆடிய நாட்களில் அவர் நன்றாகவே ஆடினார். தீர்மானம் சரி, விதி சரியில்லை, அவ்வளவுதான்.

2003-இல் டெட்ராய்ட் கதை இதைவிடச் சிக்கல். இரண்டாவது பிக் அவர்களுக்குக் கிடைத்ததே 1997-இல் ஓட்டிஸ் தார்ப்பை வான்கூவருக்குக் கொடுத்ததற்குப் பதிலாக. லெப்ரான் ஜேம்ஸ் முதலில் போய்விட்டார். மீதி இருந்தவர்கள் கார்மெலோ ஆண்டனி, கிறிஸ் பாஷ், டுவெய்ன் வேட். டெட்ராய்ட் எடுத்தது 18 வயது டார்கோ மிலிசிச்சை. அந்த நாளில் இது யாருக்கும் அதிர்ச்சியாக இல்லை, ஏழடிப் பையன், இரண்டு கையாலும் ஆடுகிறான், வெளியிலிருந்து பந்தைப் போடுகிறான் என்று லீகில் பலர் மயங்கியிருந்தார்கள். ஆனால் டார்கோவைப் பற்றித் தெரிந்தது பெரும்பாலும் தனிப் பயிற்சியில் பார்த்தது. ஆண்டனியோ முதல் வருட மாணவராக இருந்து சிரக்யூஸ் பல்கலைக்கு அந்த வருடம்தான் தேசியக் கோப்பை வாங்கிக் கொடுத்து, அந்தத் தொடரின் சிறந்த ஆட்டக்காரராகவும் வந்தவர். அவரை ஏன் விட்டார்கள்? அதே வாக்கியம் இங்கேயும் வருகிறது: அந்த இடத்துக்கு டேஷான் பிரின்ஸ் இருக்கிறார். பிரின்ஸ் நல்ல ஆட்டக்காரர், மறுக்கவில்லை, ஆனால் முந்தைய வருடம் 23-ஆவது இடத்தில் எடுத்தவரைக் காரணம் காட்டி ஆண்டனியை விடுவது என்பது என்னால் ஜீரணிக்க முடியாத கணக்கு.

அடுத்த ஜூனிலேயே டெட்ராய்ட் லேக்கர்ஸை 4-1 என்று அடித்துக் கோப்பையை வாங்கியதால் இந்தத் தவறின் வலி யாருக்கும் உறைக்கவில்லை. 2005-இல் இறுதிச் சுற்றில் ஏழாவது ஆட்டம் வரை போய் சான் அன்டோனியோவிடம் தோற்றார்கள். அந்த ஏழாவது ஆட்டத்தில் வேட் பக்கத்தில் நின்றிருந்தால் என்ற கேள்வி டெட்ராய்ட் ரசிகர்களுக்கு இன்னும் இருக்கும். டார்கோவுக்கோ, பெரியவர்கள் நிறைந்த அணியில், லாரி பிரவுன் போன்ற கண்டிப்பான பயிற்சியாளரிடம், ஆடவே நேரம் கிடைக்கவில்லை. 96 ஆட்டம், சராசரி 1.6 புள்ளி, 2006 பிப்ரவரியில் ஆர்லாண்டோவுக்கு அனுப்பிவிட்டார்கள். வேறு அணியில் அவர் பெரிய ஆளாகியிருப்பார் என்று நான் சொல்லவில்லை, ஆனால் ஒரு 18 வயதுப் பையனை எடுத்துவிட்டு அவனுக்கு ஆடுகளத்தையே காட்டாமல் இருப்பது தேர்வுக்குப் பிறகு நடந்த இரண்டாவது தவறு. பின்னாளில் செர்பியாவில் பழத்தோட்டம் போட்டு விவசாயம் செய்கிறார் என்று படித்தபோது எனக்கு மனதுக்கு நிறைவாக இருந்தது.

"காலி இடத்தைப் பார்க்காதே, திறமையைப் பார்" என்பதையே மந்திரமாகப் பிடித்துக்கொண்டாலும் தப்பாகும், அதற்கு 2005 அட்லாண்டா சாட்சி. அவர்களுக்கு ஊரறியத் தேவைப்பட்டது பாயிண்ட் கார்டு (பந்தைக் கொண்டுபோய் ஆட்டத்தை நடத்துபவர்). இரண்டாவது இடத்தில் நின்றபோது கிறிஸ் பாலும் டெரன் வில்லியம்ஸும் இருந்தார்கள். ஏற்கெனவே ஜாஷ் ஸ்மித், ஜாஷ் சில்ட்ரெஸ், ஆல் ஹாரிங்டன் என்று ஃபார்வர்டுகள் (முன்வரிசை ஆட்டக்காரர்கள்) குவிந்திருந்த அணி, இன்னொரு ஃபார்வர்டான மார்வின் வில்லியம்ஸை எடுத்தது, அவர்தான் திறமையில் பெரியவர் என்று நம்பி. கல்லூரி அணியில் முதல் ஐவரில்கூட இல்லாமல் பெஞ்சிலிருந்து வந்தவர் அவர். பதினைந்து சீசன் மரியாதையாக ஆடி ஓய்வு பெற்றார், உருப்படாத ஆள் என்று யாரும் சொல்ல முடியாது, ஆனால் பால் அந்தத் தலைமுறையின் ஆகச் சிறந்த பாயிண்ட் கார்டு ஆனார், அட்லாண்டா 2008 பிப்ரவரியில் மைக் பிபியை வாங்கும்வரை பாயிண்ட் கார்டு இல்லாமல் தவித்தது. இங்கே கொள்கை சரி, திறமையை அளந்த அளவுகோல்தான் தப்பு. கொள்கையைக் குறை சொல்லாமல் அளந்தவரைக் குறை சொல்கிறேன்.

2009 மெம்பிஸ் இன்னும் விசித்திரம். இரண்டாவது பிக்கில் ஹஷீம் தபீத், ஏழடி மூன்று அங்குலம், தான்சானியாவில் பிறந்தவர். மூன்றாவதாகப் போனவர் ஜேம்ஸ் ஹார்டன். மெம்பிஸிடம் மார்க் கசோல் என்ற இளம் சென்டர் அப்போதுதான் முதல் சீசனை நன்றாக முடித்திருந்தார். ஷூட்டிங் கார்டு இடத்தில் ஓ.ஜே. மேயோ இருக்கிறார், ஹார்டன் எதற்கு என்று நினைத்திருந்தால், அதே கணக்கில் கசோல் இருக்கும்போது தபீத் எதற்கு? தேவை என்று பார்த்தாலும் பொருந்தவில்லை, திறமை என்று பார்த்தாலும் பொருந்தவில்லை, மிச்சமிருப்பது உயரம் மட்டும்தான். முதல் சீசன் முடிவதற்குள்ளேயே அவரைக் கீழ்மட்ட லீகுக்கு அனுப்ப வேண்டி வந்தது. தகுதியை வைத்துப் பார்த்தால் என் பட்டியலில் சாக்ரமென்டோவுக்கு அடுத்த இடம் இதற்குத்தான். அதே டிராஃப்டில் மினசோட்டா ஐந்திலும் ஆறிலும் அடுத்தடுத்து இரண்டு பாயிண்ட் கார்டுகளை எடுத்து, ஏழாவதாக நின்ற கரியை விட்டது எல்லோருக்கும் தெரிந்த கதை. ரிக்கி ரூபியோ வந்து சேரவே இரண்டு வருடம் ஆயிற்று, ஜானி ஃப்ளின் இடுப்பு அறுவை சிகிச்சைக்குப் பிறகு மீளவே இல்லை.

அந்தோணி பென்னட் பெயரைச் சொல்லாமல் விட்டால் கோபித்துக்கொள்வீர்கள். 2013-இல் கிளீவ்லாந்து அவரை முதலாவதாக எடுத்தபோது பார்த்துக்கொண்டிருந்தவர்கள் உண்மையிலேயே திகைத்தார்கள். முதல் சீசனில் சராசரி 4.2 புள்ளி, மொத்த என்பிஏ வாழ்க்கையும் 151 ஆட்டம்தான். முதல் இடத்தில் போனவர்களில் விளைவை வைத்துப் பார்த்தால் இவர்தான் கடைசி, அதில் வாதமில்லை. ஆனால் அந்த வருடம் முதலிடத்துக்கென்று ஒருவர் இல்லை. நெர்லன்ஸ் நோயலா, அலெக்ஸ் லென்னா, பென் மெக்லமோரா என்று பேசிக்கொண்டிருந்தார்கள், இவர்களில் யாரும் நட்சத்திரம் ஆகவில்லை. அடுத்த வருடமே பென்னட்டையும் ஆண்ட்ரூ விகின்ஸையும் கொடுத்து கெவின் லவ்வை வாங்கி 2016-இல் கோப்பையும் வாங்கிவிட்டார்கள். தவறுதான், ஆனால் இழந்தது குறைவு. 1998-இல் கிளிப்பர்ஸ் எடுத்த மைக்கேல் ஒலோவோகாண்டி வேறு ரகம்: வின்ஸ் கார்ட்டர், டிர்க் நோவிட்ஸ்கி, பால் பியர்ஸ் எல்லோரும் இருந்த வருடத்தில், பதின்வயது முடியும் நேரத்தில்தான் கூடைப்பந்தையே கையில் எடுத்த ஒருவரை உயரத்துக்காக எடுத்தது. 2001-இல் வாஷிங்டனுக்காக குவாமி பிரவுனை எடுத்தவர் ஜோர்டனேதான். பள்ளிக்கூடத்திலிருந்து நேராக முதல் இடத்துக்கு வந்த முதல் பையன், அவனுக்கு நிதானமாகக் கற்றுக்கொள்ளும் இடம் தேவைப்பட்டது, கிடைத்தது திரும்பவும் ஆட வந்துவிட்ட ஜோர்டனின் பக்கத்து இடம். இதில் பிரவுனைக் கேலி செய்வதை நான் ஒருபோதும் ரசித்ததில்லை. பன்னிரண்டு சீசன் ஒருவர் சும்மா ஆட முடியாது.

விலை என்று ஆரம்பத்தில் சொன்னேனே, அதற்கு 2017 ஃபிலடெல்ஃபியா. மூன்றாவது இடத்தில் இருந்தவர்கள், பாஸ்டனுக்கு இன்னொரு முதல் சுற்றுத் தேர்வையும் கொடுத்து முதல் இடத்துக்கு ஏறி, மார்கெல் ஃபுல்ட்ஸை எடுத்தார்கள். பாஸ்டன் இறங்கிப் போய் மூன்றாவதில் ஜேசன் டேட்டத்தை எடுத்தது. முதலிடம் கையில் இருந்திருந்தாலும் டேட்டத்தைத்தான் எடுத்திருப்போம் என்று பாஸ்டன் தேர்வுகளுக்குப் பொறுப்பான டேனி எய்ஞ்ச் அப்போதே சொன்னார். ஃபுல்ட்ஸ்தான் அந்த வருடத்தின் முதல் ஆள் என்பதில் லீகில் பெரும்பாலோர் ஒத்துப்போனார்கள், பிறகு அவர் பந்து போடும் விதமே மாறிப்போனது, தோள்பட்டைக்கும் கழுத்துக்கும் நடுவே நரம்பு அழுத்தப்படும் கோளாறு என்று 2018 டிசம்பரில்தான் கண்டுபிடித்தார்கள். ஆளைத் தேர்ந்தெடுத்ததில் நான் குறை காணவில்லை. டேட்டத்தை உட்கார்ந்த இடத்திலேயே எடுத்திருக்கலாம் என்பதும், நேர்ப் போட்டியாளருக்கே கூடுதல் பிக்கைக் கொடுத்ததும்தான் உறுத்துகிறது. ஒருவர் தன் முதல் இடத்தை அவ்வளவு எளிதாக விற்கிறார் என்றால், அவர் ஏன் விற்கிறார் என்று ஒரு இரவாவது யோசித்திருக்க வேண்டும்.

இப்போது 2018. டான்சிச்சைப் பற்றி அன்று என்ன தெரிந்திருந்தது? பதின்மூன்று வயதில் ரியல் மாட்ரிட்டுக்குப் போனவர், பதினாறு வயதில் ஸ்பெயினின் பெரிய லீகில் ஆடியவர். 2017-இல் ஸ்லோவேனியா ஐரோப்பியக் கோப்பையை வாங்கியபோது கோரன் டிராகிச்சுக்குப் பக்கத்தில் நின்ற 18 வயதுப் பையன், அந்தத் தொடரின் சிறந்த ஐவரில் ஒருவர். 2018-இல் யூரோலீக் கோப்பை, யூரோலீகின் மிகச் சிறந்த ஆட்டக்காரர் விருது, இறுதிக் கட்டத்தின் சிறந்த ஆட்டக்காரர் விருது, ஸ்பெயின் லீகின் விருது, எல்லாம் பத்தொன்பது வயதில். என்பிஏவுக்கு அடுத்து உலகில் பெரிய லீக் யூரோலீக்தான், அதில் முப்பது வயது ஆட்கள் உடம்பால் இடித்து, வேகத்தைக் குறைத்து, ஒவ்வொரு பந்துக்கும் கணக்குப் போட்டு ஆடுவார்கள். அங்கே முதல் ஆளாக நின்றவரை, அமெரிக்கக் கல்லூரியில் ஒரே வருடம், தன் வயதுப் பையன்களோடு ஆடியவர்களுடன் ஒப்பிட்டு "இவருக்கு வேகம் போதாது, தாவல் போதாது" என்றார்கள். அவர் அந்தத் தாவல் இல்லாமல்தானே அங்கே எல்லோரையும் ஜெயித்துவிட்டு வந்திருக்கிறார்!

1984-க்கும் இதற்கும் உள்ள வித்தியாசம் இதுதான். ஜோர்டன் என்ன ஆவார் என்று ஊகிக்க வேண்டியிருந்தது. டான்சிச் விஷயத்தில் ஊகிக்க அதிகமில்லை, செய்து காட்டியாகிவிட்டது, ஒவ்வொரு ஆட்டமும் படமாக இருக்கிறது, உட்கார்ந்து பார்த்தால் போதும். போவியின் கால்போல மறைந்திருந்த விஷயமும் இல்லை.

முதல் இடத்தில் இருந்த ஃபீனிக்ஸ் டியாண்ட்ரே ஏட்டனை எடுத்தது. அவர்கள் அப்போதுதான் நியமித்திருந்த பயிற்சியாளர் இகோர் கொகோஷ்கோவ், அந்த ஸ்லோவேனிய அணிக்கே பயிற்சியாளர், டான்சிச்சைத் தினமும் பக்கத்தில் நின்று பார்த்தவர். கையில் வெண்ணெயை வைத்துக்கொண்டு நெய்க்கு அலைவது என்பார்களே, அதுதான். ஆனால் ஃபீனிக்ஸை நான் கொஞ்சம் மன்னிப்பேன். ஏட்டன் முதல் சீசனிலேயே 16 புள்ளி, 10 ரீபவுண்ட் சராசரி காட்டினார், 2021-இல் அணி இறுதிச் சுற்றுக்குப் போனதில் அவர் பங்கு பெரியது. பெரிதாக இழந்தார்கள், ஆனால் ஒன்றுமே கிடைக்காமல் போகவில்லை.

சாக்ரமென்டோவுக்கு அந்தச் சமாதானமும் இல்லை. 27 ஆட்டம் மட்டும் ஜெயித்து, லாட்டரியில் ஏழாவது இடத்திலிருந்து இரண்டுக்கு ஏறி வந்த அணி. 2006-க்குப் பிறகு பிளேஆஃப் (சீசன் முடிவில் நடக்கும் நாக்-அவுட் கட்டம்) பக்கமே போகாத ஊர், அப்படி ஒரு ஊருக்கு வாசலில் வந்து நின்ற அதிர்ஷ்டம் அது. பொறுப்பில் இருந்தவர் விளாடே டிவாக், ஐரோப்பாவிலிருந்து என்பிஏவுக்கு வழி போட்ட முதல் தலைமுறை ஆட்டக்காரர்களில் ஒருவர், யூரோலீக் விருதின் எடை என்னவென்று அமெரிக்கர்களுக்கு விளக்கிச் சொல்ல வேண்டிய ஆளே அவர்தான். அங்கே டியாரன் ஃபாக்ஸ் இருந்தார், முந்தைய வருடம் ஐந்தாவது இடத்தில் எடுத்த பாயிண்ட் கார்டு, நல்ல வேகம். பந்தைக் கையில் வைத்துக்கொண்டு ஆட ஃபாக்ஸ் இருக்கிறார், இன்னொருவர் எதற்கு என்ற பேச்சு அப்போது பரவலாக ஓடியது. போர்ட்லாந்தின் டிரெக்ஸ்லர், டெட்ராய்ட்டின் பிரின்ஸ், சாக்ரமென்டோவின் ஃபாக்ஸ். மூன்று ஊர், முப்பத்து நான்கு வருட இடைவெளி, அதே வாக்கியம். முந்தைய இரண்டு அணிகளுக்கும் எதிரில் நின்றவரைப் பற்றிச் சந்தேகப்பட நியாயம் இருந்தது, மூன்றாவது அணிக்கு அதுகூட இல்லை என்பதால்தான் என் தீர்ப்பு இப்படி.

பேக்லியை நான் குறைத்துப் பேச மாட்டேன். முதல் சீசனில் சராசரி 14.9 புள்ளி எடுத்து சிறந்த ரூக்கி ஐவரில் வந்தவர். அடுத்த சீசனின் முதல் ஆட்டத்திலேயே கட்டைவிரல் உடைந்தது, அந்த வருடம் ஆடியது 13 ஆட்டம், 2022 பிப்ரவரியில் டெட்ராய்ட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். அவர் ஆடும் ஒவ்வொரு நாளும் மக்கள் அவரைப் பார்க்காமல் டல்லாஸில் ஆடுபவரைப் பார்த்தார்கள், அந்தச் சுமையை எந்தப் பையனும் கேட்டு வாங்கவில்லை. டான்சிச்சோ சிறந்த ரூக்கி, அதன் பிறகு 2020 முதல் 2024 வரை தொடர்ந்து ஐந்து வருடம் லீகின் முதல் ஐவரில் ஒருவர், 2024-இல் டல்லாஸை இறுதிச் சுற்றுக்குக் கொண்டுபோனவர். டிவாக் 2020 ஆகஸ்டில் பதவியை விட்டு விலகினார். சாக்ரமென்டோ பிளேஆஃபுக்குத் திரும்பியது 2023-இல்.

கடைசியாக அட்லாண்டா. மூன்றாவதாக டான்சிச்சை எடுத்து டல்லாஸுக்குக் கொடுத்து, ஐந்தாவதாகப் போன ட்ரே யங்கையும் அடுத்த வருடத்துக்கான ஒரு முதல் சுற்றுத் தேர்வையும் வாங்கினார்கள். அந்தத் தேர்வு பத்தாவது இடமாக வந்து கேம் ரெடிஷ் ஆனார், அதில் பெரிதாக ஒன்றும் தேறவில்லை. ஆளுக்கு ஆள் வைத்துப் பார்த்தால் டல்லாஸுக்குத்தான் லாபம், சந்தேகமே வேண்டாம். ஆனாலும் அட்லாண்டாவை நான் சாக்ரமென்டோ பக்கத்தில் வைக்க மாட்டேன். அவர்களுக்கு ஒரு குறிப்பிட்ட ஆள் பிடித்திருந்தது, அவரைக் கீழே இறங்கிப்போய் எடுத்தார்கள், இறங்கியதற்குக் கூலியும் வாங்கினார்கள், அந்த ஆள் ஆல்-ஸ்டாராகி 2021-இல் அணியைக் கிழக்குப் பிரிவு இறுதி வரை கொண்டுபோனார். பெரிய ஆட்டக்காரரை விட்டார்கள், ஆனால் பெரிய ஆட்டக்காரர் ஒருவரோடுதான் வீட்டுக்குப் போனார்கள்.